ராத்தா கட்டித் தந்த ஏழு அறைகள்

எங்கள் வீட்டு ரிமோட்டுக்குப் பின்மூடி கிடையாது. இரண்டு பற்றரிகளையும் ஒரு சிவப்பு றப்பர் வளையம் இறுக்கிப் பிடித்திருக்கும். வளையம் தளர்ந்தால் பற்றரி கழன்று விழும். விழுந்த பற்றரியை யார் முதலில் எடுக்கிறாரோ அவருக்கே அன்றைய பிற்பகல் சொந்தம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சோறு தின்று, வாப்பா பாயில் சாய்ந்த பிறகு, புத்தளத்துப் பாலாவியில் எங்கள் வீட்டில் வாராவாரம் நடந்த யுத்தம் இது. ஒரு பக்கம் ராத்தா, மறுபக்கம் அவளுடைய தங்கை நான். ராத்தாவுக்கு இருபது வயது, எனக்கு அவளைவிட ஆறேழு வயது குறைவு. கலியாணம் பேசிக்கொண்டிருக்கிற குமரொருத்தி கட்டிலுக்கடியில் ஊர்ந்து போய்ப் பற்றரி தேடுகிறாளே என்று உம்மா தலையில் அடித்துக்கொள்வார். எங்கள் இருவருக்கும் அதில் துளி வெட்கமும் இருக்கவில்லை.

ராத்தாவுக்கு வேண்டியது அரண்மனை. பறக்கும் குதிரை, பேசும் மரம், தொட்டவுடன் ஒளிவிடும் வாள், நாடிழந்து காட்டில் அலைந்து கடைசியில் அரியணை ஏறும் இளவரசி, இவற்றில் எது வந்தாலும் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். எனக்கு வேண்டியது விண்கலம். வேற்றுக் கிரகம், இயந்திர மனிதன், எதிர்காலத்திலிருந்து ஓடி வரும் விஞ்ஞானி. இரண்டுமே எங்கிருந்தோ தமிழாக்கப்பட்டு வந்தவைதான். செவ்வாயில் இறங்கிய வெள்ளைக்காரர்கள் எல்லோரும் சென்னைத் தமிழில் ஒருவரையொருவர் அதட்டினார்கள். மந்திரவாதிகள் மட்டும் ஏனோ செந்தமிழ் பேசினார்கள். “பாத்தியா, என்ட ஆக்கள் படிச்ச ஆக்கள்” என்று ராத்தா அதையும் தன் பக்கத்துக்குச் சேர்த்துக்கொள்வாள்.

தீர்ப்புச் சொல்லும் இடத்தில் உம்மா இருந்தார், அதுதான் என் பலம். மந்திரம் மாயம் என்றால் உம்மாவுக்கு அது சிஹ்ரு, சூனிய விவகாரம். பார்த்தாலே வீட்டின் பரக்கத்தும் வளமும் போய்விடும். விண்கலம் அப்படியல்ல, அது படிப்பு. இந்த வித்தியாசத்தை நான் தாராளமாகப் பயன்படுத்திக்கொண்டேன். ஆறு கால் உள்ள பச்சைப் பிராணி ஒன்று ஒரு நகரத்தை விழுங்குகிற காட்சியைக்கூடப் பரீட்சைக்கு வரும் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். ராத்தா ஒரு நாளும் காட்டிக்கொடுத்ததில்லை. “ஓம் உம்மா, வரும். போன முறையும் வந்த” என்று முகத்தை நேராக வைத்துக்கொண்டு சாட்சி சொல்வாள். அவள் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நாங்கள் மன்னார்த் தீவுக்காரர். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் துப்பாக்கிக்காரர் எங்கள் முஸ்லிம் சனம் முழுவதையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது ராத்தாவுக்குப் பதினொரு வயது, எனக்கு நாலரை. வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்து, அங்கிருந்து பாலாவிப் பக்கம் அகதி முகாமில் ஓலைக் கொட்டிலொன்றில் குடியேறினோம். பதினைந்து வயதில் ராத்தா எத்தாளைப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகத் தொடங்கினாள். விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்ததும் சந்திக்கு லொறி வரும். திரும்பி வருகையில் அவள் முந்தானையிலிருந்து விரல் நுனி வரை வெங்காய வாசம் அடிக்கும். கொட்டில் கல்வீடானதில் அவள் கூலியும் இருந்தது. தொலைக்காட்சியை வாங்கி வைத்தவள் அவள். என்னை விஞ்ஞான ரியூசனுக்கு அனுப்பியவளும் அவளே. ஆகவே ரிமோட்டுக்காக அவளோடு மல்லுக்கட்ட எனக்கு எந்த உரிமையும் இருக்கவில்லை. இருந்தும் மல்லுக்கட்டினேன், பெரும்பாலும் நான்தான் வென்றேன்.

தோற்றாலும் ராத்தா வாயை மூடிக்கொண்டு பார்ப்பவளல்ல. “உன்ட படத்துல ஒருத்தரும் சோறு திங்கிறாங்க இல்ல, குளிசைதான் விழுங்குறாங்க” என்பாள். “எல்லாருக்கும் ஒரே உடுப்பு. என்ன, நிவாரணத்துல குடுத்ததா?” என்பாள். ஒரு படத்தில் புதுக் கிரகத்துக்குக் குடிபோனவர்கள் வரிசையில் நின்று, அட்டையைக் காட்டி, ஆளுக்கொரு குவளை தண்ணீர் வாங்கினார்கள். எனக்கு அது மெய்சிலிர்க்கிற காட்சி. ராத்தா எழுந்து குசினிக்குப் போய்விட்டாள். “இதப் பாக்க டீவி வேணுமா? நான் நிண்ட வரிசை போதும்” என்று அங்கிருந்து சத்தம் வந்தது.

அவளுடைய அரண்மனைகளில் அந்தத் தொல்லை கிடையாது. கோட்டை வாசலில் யாரும் இளவரசியிடம் அடையாள அட்டை கேட்பதில்லை. பன்னிரண்டு வருடம் காணாமல் போயிருந்தவளை லாயத்திலிருக்கிற கிழட்டுக் குதிரை ஒன்று பார்த்துக் கனைத்தால் போதும், கதவு திறந்துவிடும். “இது அவள்தான் எண்டு குதிரைக்குத் தெரியிது பாரு” என்று சொல்லி ராத்தா முந்தானையால் மூக்கைத் துடைப்பாள். எனக்கோ அந்தக் குதிரை மீது அடக்க முடியாத கோபம் வரும். எந்த ஆதாரத்தை வைத்துக் கனைத்தது? பன்னிரண்டு வருடம் ஒரு குதிரை உயிரோடு இருந்ததே சந்தேகம். நான் இதையெல்லாம் உரக்கக் கேட்பேன். அவள் என் தொடையில் கிள்ளுவாள்.

இப்போது யோசித்தால், எங்களுக்கு அவரவர் படம் பிடித்ததில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. மாயக் கதைகள் பெரும்பாலும் இழந்ததைத் திருப்பிக் கொடுக்கின்றன. அரண்மனை அதே இடத்தில் இருக்கும், விளக்குகள் அதே வரிசையில் எரியும், சனம் தெருவில் நின்று அழும். பதினொரு வயதுவரை ஓர் ஊரில் ஓடி விளையாடிவிட்டு வந்தவளுக்கு அது பிடிக்காமல் வேறு எது பிடிக்கும்? எனக்குத் திருப்பித் தர எதுவும் இருக்கவில்லை. ஊரைப் பற்றி எனக்குச் சொந்தமாக ஒரு முகம், ஒரு தெரு, ஒரு மணம் ஞாபகமில்லை. ஆனால் புத்தளத்தில் படித்த பள்ளிக்கூடத்தில் உன் ஊர் எது என்று கேட்பார்கள். பாலாவி என்பேன். “அதில்ல, சொந்த ஊர்?” என்று மறுபடி கேட்பார்கள். பார்த்தறியாத ஓர் ஊரின் பெயரைச் சொல்லிவிட்டு உட்காருவேன். விண்கலத்தில் வந்து இறங்குகிறவர்களிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எல்லோருமே வந்தவர்கள். உப்புப் பூத்த தரையில் காற்றும் தண்ணீரும் தாங்களே உண்டாக்கி, இனி இதுதான் இடம் என்று நிமிர்ந்து நிற்கிறார்கள். அவர்களைப் பார்க்கையில் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

ஆனாலும் மன்னார் வீடு எனக்கு முழுவதும் தெரிந்திருந்தது. ராத்தா சொல்லித் தெரிந்தது. முகாமுக்குத் தண்ணீர் பவுசர் லொறியில்தான் வரும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் காலையிலேயே போய் வாளியை வரிசையில் வைத்துவிட்டு வெயிலில் நிற்க வேண்டும். உம்மா கைக்குழந்தைத் தம்பியோடு கொட்டிலில் இருப்பார், அவன் பிறகு காய்ச்சலில் மௌத்தாகிவிட்டான். வாப்பா வேலை தேடிப் போயிருப்பார். ஆகவே தண்ணீர் வரிசை ராத்தாவின் பொறுப்பு, நான் ராத்தாவின் பொறுப்பு. நான் நிற்கமாட்டேன். வீட்டுக்குப் போவோம் என்று அழுவேன். கொட்டிலுக்குத் தூக்கிப் போனால் இந்த வீடில்லை, எங்கட வீடு என்று இன்னும் பெரிதாக அழுவேனாம். அப்போதுதான் ராத்தா எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். வரிசை நீள நீள வீடும் நீண்டது.

முன்வாசல் கதவுக்கு முன் நின்று ஸலாம் சொன்னால் அது தானாகத் திறக்கும். வளவிலிருந்த, பானைபோல் பருத்த பெருக்க மரத்துக்குள் ஓர் அறை இருந்தது, அதற்குள் பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். நடுப்பகலிலும் பனி விழுகிற ஓர் அறை இருந்தது, வாப்பா பிடித்த மீன் அதில் மூன்று நாள் துள்ளிக்கொண்டிருக்கும். கூரைக்கு ஏறுகிற படி இருந்தது, ஏறி நின்றால் இந்தியாவில் ஏற்றிய விளக்குகள் தெரியும். இப்படி ஒவ்வொரு நாளும் ஒன்று. நான் அழுகையை நிறுத்தி, நாளைக்கு எந்த அறை என்று கேட்டுக்கொண்டு நிற்பேன்.

வளர்ந்த பிறகு இவற்றை நான் மறந்திருக்கலாம், அல்லது சிரித்துத் தள்ளியிருக்கலாம். என் மூளை அப்படிப் பழகவில்லை. விண்கலப் படங்கள் பார்த்துப் பார்த்து, எதைக் கேட்டாலும் அது எப்படி வேலை செய்திருக்கும் என்று யோசிக்கப் பழகியிருந்தேன். ஸலாமுக்குத் திறக்கிற கதவு என்றால், உள்ளே யாரோ கயிறு இழுத்திருக்கிறார்கள், கப்பி வைத்த கதவு. பெருக்க மரம் முற்றினால் உள்ளே பொந்து விழும், தாவரவியல் புத்தகத்திலேயே இருக்கிறது. பனி அறை என்பது தடித்த கடற்கல் சுவருக்குள் காற்று குளிர்ந்தது. இந்திய விளக்குக்காக உயர்தர வகுப்பில் இருக்கும்போது ஒரு தாளில் முக்கோணம் வரைந்து கணக்கே போட்டேன். எங்கள் கூரை ஏதோ பள்ளிவாசல் மினாராவைவிட உயரமாக இருந்திருக்க வேண்டும் என்று வந்தது. விடை கொஞ்சம் இடித்தது. கடலுக்கு மேல் ஒளி வளைந்து வரும், அதில் சரியாகிவிடும் என்று நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். இப்படி ஒவ்வொன்றாக விளக்கி விளக்கி, ராத்தாவின் வீட்டை ஒரு செங்கல் உதிராமல் நான் நம்பிக்கொண்டு வந்தேன்.

காலம் போனது. நான் பல்கலைக்கழகம் போய்த் திரும்பி விஞ்ஞான ஆசிரியையானேன். ராத்தா எங்கள் ஊர்க்காரர் ஒருவரையே கலியாணம் முடித்தாள், மச்சான் கடல் தொழிலாளி. வாப்பா போய்ச் சேர்ந்தார். உம்மாவுக்கு ஞாபகம் தடுமாறி, என்னையே யாரென்று கேட்கிற நிலை வந்தது. யுத்தம் முடிந்தபின் ஊருக்குத் திரும்பலாம் என்ற கதை எழுந்தபோது முதலில் பையைத் தூக்கியவள் ராத்தா. எனக்கு அது பிடிக்கவில்லை. “குதிரை கனைக்கும் எண்டு நினைக்கிறீங்களா ராத்தா?” என்று ஒரு நாள் குத்தலாகக் கேட்டும்விட்டேன். காணிப் பத்திரம் வள்ளத்தில் வருகையில் தொலைந்திருந்தது. அதனால் காணி அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுத வேண்டும், முன்பிருந்த வீட்டின் விபரத்தையும் அதில் காட்ட வேண்டும். மச்சான் ஏற்கனவே ஊருக்குப் போய்ப் பற்றை வெட்டித் தறப்பாள் அடித்துத் தங்கியிருந்தார். ராத்தா பஸ் பிடிக்கிற அவசரத்தில் அடியில் கையெழுத்தை மட்டும் போட்டு என்னிடம் நீட்டினாள்.

“நீ எழுது. உன்ட கையெழுத்து வடிவு. வீட்டப் பத்தித்தான் உனக்கு எல்லாம் தெரியுமே” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போனாள். அந்தச் சிரிப்பை நான் கவனித்திருக்க வேண்டும்.

நான் எழுதினேன். அளந்து, யோசித்து, பாட ஆயத்தக் குறிப்பு எழுதுகிற சிரத்தையோடு எழுதினேன். முன்வாசல், கப்பி அமைப்புடன் கூடிய இரட்டைக் கதவுள்ள முன்னறை. மேல்மாடி, கடல் நோக்கியது. மீன் பாதுகாக்கும் குளிர் அறை, சுண்ணக்கல் சுவர். மரப்பொந்தில் அமைந்த களஞ்சியம். இப்படி ராத்தா சொன்ன ஏழு, அவற்றோடு எல்லா வீட்டிலும் இருக்கிற சாதாரண அறைகள் இரண்டு, ஓலைக் குசினி, பொதுக் கிணறு. மொத்தம் ஒன்பது அறைகள். விடுபட்டது எதுவுமில்லை என்று இரண்டு முறை சரிபார்த்துத் தபாலில் போட்டேன்.

சில மாதத்தில் கடிதம் வந்தது. விண்ணப்பத்திலுள்ள விபரங்களுக்கும், பக்கத்துக் காணிக்காரர் கொடுத்த வாக்குமூலத்துக்கும் இடையே பாரிய முரண்பாடு இருக்கிறது, இன்ன திகதி நேரில் வரவும், பொய்யான விபரம் கொடுத்திருந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். கூடவே என் கையெழுத்தில் இருந்த பக்கத்தின் பிரதி. ராத்தா அதை என் குசினியில் நின்று எழுத்துக்கூட்டி வாசித்தாள். கப்பிக் கதவு வந்ததும் சிரிக்கத் தொடங்கினாள். மேல்மாடிக்கு வந்தபோது கதிரையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது.

“அல்லாவே, நீ இத நம்பினியா?”

நான் அவள் கையிலிருந்த பிரதியை வாங்கி நாலாக மடித்தேன்.

“நீ சயன்ஸ் டீச்சர் புள்ள. அது கதை எண்டு உனக்குத் தெரியாதா? அங்க ரெண்டு அறை. ஓலைக் குசினி. கிணறுகூட மாமா வீட்டுக் கிணறு. பெருக்க மரம் றோட்டோரத்துல நிண்ட அரசாங்க மரம்.”

அவமானமாக இருந்தது. அதைவிட, யாரோ என் வீட்டை என் கண் முன்னே இடித்ததுபோல் இருந்தது. அன்றுதான் எங்கள் பழைய ரிமோட் சண்டையில் நான் எவ்வளவு பெரிய முட்டாளாக இருந்திருக்கிறேன் என்பதும் விளங்கியது. மாயக் கதை பார்க்கிறவர்களை ஏமாற்ற முடியாது. குதிரை பறக்காது என்று அவர்களுக்கு முதற்காட்சியிலேயே தெரியும், தெரிந்துகொண்டுதான் அழுகிறார்கள். எங்களை ஏமாற்றுவது சுலபம். எதையும் நம்பமாட்டோம் என்று தலையை நிமிர்த்திக்கொண்டு இருப்போம், ஒரு விளக்கத்தை ஒட்டிக் கொடுத்தால் போதும், அப்படியே விழுங்கிவிடுவோம். ராத்தாவை நான் பல வருடமாகக் கேலி செய்திருந்தேன், அவள் சொன்ன மாயக் கதையை அரசாங்கப் படிவத்தில் பதிந்தவள் நானாக இருந்தேன். என் புத்திசாலித்தனத்தால் அவளுக்கு மீதமிருந்த ஒரே காணி போகப்போகிறது. மச்சான் தறப்பாளுக்குக் கீழே காத்திருந்தார். ராத்தா என்னைத் திட்டவேயில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விசாரணை நாளன்று இருவருமாகப் பஸ் ஏறி மன்னாருக்குப் போனோம். காணி உத்தியோகத்தர் ஒரு தமிழ்ப் பெண், என் வயதுதான் இருக்கும். பருத்திச் சேலை, மூக்குக் கண்ணாடி, அலுத்துப்போன ஆனால் கடுமையில்லாத முகம். பக்கத்து வாங்கில் எங்களைப் போலவே கடதாசிக் கட்டுகளோடு வந்த சனம் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“எழுதி நிரப்பினது தங்கச்சி, ரீச்சர் எண்டு போட்டிருக்கு” என்றார் என்னிடம்.

“ஓம் மிஸ்.”

“கப்பி வைச்ச கதவு?”

வாங்கில் யாரோ சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்துக் காணிக்காரர், வயதான கிறிஸ்தவர் ஒருவர், எங்கள் வாப்பாவை நன்றாகத் தெரியும் என்றும், அங்கே இருந்தது இரண்டறை வீடு என்றும் எழுதிக் கொடுத்திருந்தார். காணி எங்களுடையதுதான் என்பதற்கு அந்த வாக்குமூலமே போதும், ஆனால் அதற்கு மாறாக நாங்களே எழுதிக் கொடுத்த பக்கம் நடுவில் நிற்கிறது, அதுதான் பிரச்சினை என்று உத்தியோகத்தர் விளங்கப்படுத்தினார்.

“எது பிழையோ அதை நீங்களே வெட்டுங்கோ. ஒவ்வொரு வெட்டுக்குப் பக்கத்திலயும் சின்னக் கையெழுத்து வைக்க வேணும். மிஞ்சிறதைத்தான் நான் எடுப்பன்” என்று பேனையையும் கோடு போட அடிமட்டத்தையும் தள்ளி வைத்தார்.

நான் பேனையை எடுத்தேன். எழுதினவள் நான், வெட்ட வேண்டியவளும் நான். கை ஓடவில்லை. எனக்கு ஊரென்று இருந்தது அந்த ஒரு பக்கம்தான். இவற்றை வெட்டிவிட்டால் உள்ளே வேறு எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். கண் கலங்கி எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்தன.

“அவளுக்கு ஒண்டும் தெரியா மிஸ்” என்றாள் ராத்தா. “அவள் அப்ப சின்னப் புள்ள. இதில இருக்கிறதெல்லாம் நான் சொன்னதுதான். விண்ணப்பமும் என்ட பேர்லதான். பேனைய என்னட்டத் தாங்க.”

அவளே அடிமட்டத்தை வைத்தாள். வெங்காயம் பிடுங்கிக் காய்த்துப்போன விரல்களால் அழுத்திப் பிடித்து, கப்பிக் கதவின் மேல் ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் சின்னக் கையெழுத்து. மேல்மாடிக்கு ஒரு கோடு. குளிர் அறைக்கு ஒரு கோடு. முதலில் வேகமாக வெட்டினாள், போகப்போகக் கை தாமதித்தது. மரப்பொந்து அறையை வெட்டும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாள். முடித்ததும் தாளைத் திருப்பி உத்தியோகத்தர் பக்கம் வைத்தாள்.

அவர் மிஞ்சியதை வாசித்தார். “ரெண்டு அறை. ஓலைக் குசினி. கிணறு பொது. மழைநீர் சேகரிக்கும் அறை.” நிறுத்திக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “மழைத் தண்ணி சேகரிக்கிறதோ? அந்தக் காலத்திலயே செய்து வைச்சிருந்தவையோ?”

“ஓம் மிஸ்” என்றாள் ராத்தா, மிகவும் சின்னக் குரலில்.

ஏழு அறைகளில் ஆறுக்குத்தான் கோடு விழுந்திருந்தது. எனக்கு அது தெரிந்தது. ராத்தா சொன்னபடி, மிஞ்சிய அந்த ஏழாவது அறையில் கூரையைப் பார்த்து வாயைத் திறந்தால் மழை பெய்யும். நினைத்தபோதெல்லாம் பெய்யும். நான்தான் அதை மழைநீர் சேகரிக்கும் அறையாக்கி, பீலி வைத்து, தொட்டி கட்டி, ஒழுங்காக எழுதியிருந்தேன். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க ஆதாரம் எங்கே என்று கேட்டுக்கொண்டு திரிந்தவள் நான். ஒரு சொல்லும் சொல்லவில்லை. உத்தியோகத்தர் ராத்தாவை இன்னும் ஒரு கணம் பார்த்தார். நல்ல விசயம், இப்பவும் அப்படி ஒன்று கட்டுங்கள் என்று சொல்லிவிட்டு முத்திரையைக் குத்தினார்.

பஸ் நிலையத்தில் பிளேன்ரீயும் ரோல்ஸும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். காணி கிடைத்துவிடும் என்ற நிம்மதியில் ராத்தாவின் முகம் இளகியிருந்தது. நான் விடவில்லை.

“ராத்தா, ஒண்ட வெட்ட மறந்திட்டீங்க.”

“மறக்கல்ல.”

“அது பொய்தானே?”

அவள் பிளேன்ரீயை ஊதி ஊதிக் குடித்தாள். பிறகு, பவுசர் வராமல் போன நாள் ஒன்று இருந்தது என்று சொன்னாள். காலையிலிருந்து பின்னேரம் அஸர் தொழுகை நேரம் வரை வரிசை நின்றது, பவுசர் வரவேயில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக வெற்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு நாக்கு ஒட்டிப்போய் அழவும் குரல் வரவில்லையாம். கேட்ட இடங்களில் எல்லாம் தண்ணீர் இல்லை. என்னை மடியில் கிடத்திக்கொண்டு, வேறு வழி தெரியாமல், எங்கள் வீட்டில் ஓர் அறை இருக்கிறது, வாயைத் திற, இப்போது மழை பெய்யப்போகிறது என்று சொல்லியிருக்கிறாள்.

“நீ வாயத் திறந்தாய். மடக்கு மடக்கா விழுங்கினாய் புள்ள. என்ட கண்ணால பாத்தன். பிறகு அப்படியே நித்திரையாப் போயிட்டாய்.” கோப்பையை வாங்கின் மேல் வைத்தாள். “மத்தது எல்லாம் நான் உண்டாக்கினதுதான். இதில நீ குடிச்சாய். இல்லாததில எப்படிக் குடிக்கிற? நான் எப்படி அத வெட்டுற?”

ராத்தா இப்போது ஊரில்தான் இருக்கிறாள். இரண்டறை வீடு, ஓட்டுக் கூரை. எந்தக் குதிரையும் கனைக்கவில்லை. பழைய சிநேகிதிகளில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை, வந்தவர்களுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. முதல் வருடம் தொலைபேசியில் அடிக்கடி அழுதாள். இப்போது பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவரின் மருமகளோடு சேர்ந்து ஒரு மாயத் தொடரை நாள் தவறாமல் பார்க்கிறாளாம். நான் பாலாவியிலேயே இருக்கிறேன், இதுதான் என் ஊர். சொந்த ஊர் எது என்று யாராவது மறுபடி கேட்டால் மறுபடியும் பாலாவி என்றே சொல்கிறேன். என் மகளுக்கும் எனக்கும் ஆளுக்கொரு கைத்தொலைபேசி, ஆளுக்கொரு திரை. பற்றரிக்காகக் கட்டிலுக்கடியில் ஊர வேண்டிய தேவையில்லை. அவள் பார்க்கிற படங்களில் மந்திரவாதிகள் விண்கலத்தில் போகிறார்கள். இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்தார்கள் என்று நான் கேட்டால், நீங்க சும்மா பாருங்க உம்மா என்கிறாள். எனக்குச் சும்மா பார்க்க வருவதில்லை. ராத்தா பக்கத்திலிருந்து தொடையில் கிள்ள வேண்டும்போல் இருக்கிறது.

அந்த நாளைப் பற்றி ராத்தாவிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. அவள் பஸ் நிலையத்தில் சொல்லிக்கொண்டு போகையில் எனக்கு அது திரும்பி வந்தது, யாரும் சொல்லித் தராத, எனக்கே சொந்தமான ஞாபகம். முகத்துக்கு மேலே அவள் முகம், பின்னால் வெள்ளையாக எரிகிற வானம், திறந்த வாயில் ஒன்றிரண்டு துளிகள். துளிகள் உண்மையாகவே விழுந்தன. கொஞ்சம் உப்பாக இருந்தன. பதினொரு வயதுப் பிள்ளை, மடியில் தங்கை, கையில் வெற்று வாளி. அவள் அழாமல் வேறு என்ன செய்திருப்பாள்? நீர்வட்டம் படிப்பிக்கிற எனக்கு அதன் விளக்கம் தெரியாமலில்லை. இந்த ஒன்றுக்கு விளக்கம் எழுத மாட்டேன். அந்தத் தாள் இன்னும் மன்னாரில் ஒரு கோப்புக்குள் இருக்கிறது. என்றாவது யாராவது அதைத் திறந்து, இந்த அறைக்கு என்ன ஆதாரம் என்று என்னைக் கூப்பிட்டால் போவேன். குர்ஆன் மீது சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். அந்த அறையில் மழை பெய்தது, நான் குடித்தேன்.